குற்றம் யார் கணக்கில்? இடைக்காலக் கிறிஸ்தவச் சிந்தனையில் சுயவிருப்பம்

"சொல்லுங்கள், தீமைக்கும் கடவுள்தானே காரணம்?" என்று எவோதியுஸ் என்ற நண்பர் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகுஸ்தினாரைக் கேட்கிறார். 'சுயவிருப்பம் பற்றி' என்ற உரையாடல் நூல் இப்படித்தான் தொடங்குகிறது. அகுஸ்தினார் அதை 388 வாக்கில் ரோமில் எழுத ஆரம்பித்து, வட ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போய் 395 வாக்கில் முடித்தார். அடுத்த ஆயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவின் மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே சண்டை நடந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இன்று சுயவிருப்பம் என்று பேச்செடுத்தால் மூளை, நரம்பு, மரபணு என்று விவாதம் போகும். அன்றைக்குப் பேச்சு தொடங்கிய இடமே வேறு. ஒரு தவறு நடந்துவிட்டது. அதை யார் கணக்கில் எழுதுவது? அங்கிருந்துதான் தொடங்கினார்கள். மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு என்பது அந்தக் கணக்கை நேர்செய்ய உள்ளே கொண்டுவந்த கருத்து. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் நுணுக்கமான வாதங்களில் வழி தவறாது.

சிக்கல் இதுதான். கடவுள் ஒருவரே. உலகில் உள்ள எல்லாவற்றையும் படைத்தவர் அவர். முழுக்க நல்லவர். நாளை நடக்கப்போவதும் அவருக்குத் தெரியும். தவறு செய்தவரைத் தண்டிக்கவும் செய்வார். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதை ஏற்பதிலும் ஒரு கிறிஸ்தவருக்குத் தடை இல்லை. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கிறது. ஒருவன் திருடுகிறான். திருடிய கையைப் படைத்தவர் கடவுள். ஆசைப்பட்ட மனத்தைப் படைத்தவரும் அவரே. அவன் திருடுவான் என்பது உலகம் தோன்றும் முன்பே அவருக்குத் தெரியும். அப்புறம் அவனை எந்த நியாயத்தில் தண்டிப்பது?

நம்மூர்த் தலையெழுத்து மாதிரிதானே என்று தோன்றலாம். கொஞ்சம் வேறு. தலையெழுத்தை நாம் நொந்துகொள்வோம். எழுதிய பிரம்மனிடம் போய் யாரும் நியாயம் கேட்பதில்லை, தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலை இல்லை. இங்கே எழுதியவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார். அவர் நீதி தவறாதவர் என்றும் நம்ப வேண்டும்.

காலக்கணக்குப்படி அகுஸ்தினார் இடைக்காலத்தவர் அல்ல, ரோமப் பேரரசின் அந்திக்காலத்தவர். ஆனால் அவரை விட்டுவிட்டு இடைக்காலத்துக்குள் நுழையவே முடியாது, ஏனென்றால் பின்னால் வந்த எல்லாத் தரப்பும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது. 354இல் தாகாஸ்தே என்ற ஊரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவில் இருக்கும் சூக் அஹ்ராஸ். இளமையில் ஒன்பது ஆண்டுகள்போல மானிக்கேய சமயத்தாரோடு இருந்தார். அவர்களிடம் சுலபமான பதில் இருந்தது. ஒளி, இருள் என்று இரண்டு சக்திகள் ஆதியிலிருந்தே மோதிக்கொண்டிருக்கின்றன; மனிதனுக்குள் நடக்கும் தீமை இருளின் வேலை. அப்படியானால் பாவம் செய்தது நான் இல்லை, எனக்குள் இருக்கும் வேறெதுவோ. இந்த எண்ணம் அந்த நாளில் தன் அகந்தைக்குச் சுகமாக இருந்தது என்று பிற்பாடு 'அறிக்கைகள்' நூலில் அவரே எழுதுகிறார். குற்றத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதில் இருக்கும் சுகம் அவருக்கு அனுபவபூர்வமாகத் தெரியும்.

அந்தச் சமயத்தை உதறிய பிறகு எவோதியுஸுக்கு அவர் சொன்ன பதில் நேரடியானது. தீமை என்று தனியாக ஒரு பொருள் இல்லை. கடவுள் கொடுத்த நல்ல பொருள்களில் விருப்பமும் ஒன்று. அது மேலானதை விட்டுவிட்டுக் கீழானதன் பக்கம் திரும்பும்போது தீமை நடக்கிறது. திருப்பியது யார்? அந்த விருப்பத்துக்கு உரியவனே. வேறு எதுவும் மனத்தை ஆசைக்கு அடிமையாக்க முடியாது. அதன் சொந்தச் சம்மதம்தான் ஆக்குகிறது. சரி, விருப்பம் அப்படித் திரும்பக் காரணம் என்ன? இதற்குப் பின்னால் போகாதே என்கிறார். விருப்பத்துக்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஒரு காரணம் என்று தேடினால் முடிவே இல்லை.

கடவுளின் முன்னறிவைப் பற்றியும் அதே நூலில் சொல்கிறார். நேற்று நடந்ததை நான் நினைவில் வைத்திருக்கிறேன். என் நினைவு அதை நடக்கவைக்கவில்லை. அதுபோல நாளை நடப்பதைக் கடவுள் அறிந்திருப்பதும் அதை நடக்கவைப்பது ஆகாது. எளிமையான வாதம். இதில் இன்னும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது, அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

பெலாஜியுஸ் கோபப்பட்ட வரி

இதோடு நின்றிருந்தால் அகுஸ்தினார் சுயவிருப்பத்தின் வழக்கறிஞராக மட்டும் நினைவில் இருந்திருப்பார். அவர் நிற்கவில்லை. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் தான் பட்ட மனப் போராட்டத்தை 'அறிக்கைகள்' எட்டாம் பகுதியில் எழுதியிருக்கிறார். கையை அசை என்று மனம் சொன்னால் கை உடனே அசைகிறது. விரும்பு என்று மனம் தனக்குத்தானே கட்டளையிட்டால் மனம் கேட்க மறுக்கிறது. நல்லவனாக வேண்டும் என்று விரும்புகிறேன், முழுதாக விரும்ப முடியவில்லை. சுயவிருப்பம் என் கையில் என்று எழுதிய மனிதருக்கு அந்த விருப்பமே தன் கையில் இல்லாத அனுபவமும் இருந்தது.

அதே நூலில் ஒரு மன்றாட்டு வரும்: நீர் கட்டளையிடுவதைச் செய்யும் வரத்தை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும். ரோமில் ஓர் ஆயர் இதை எடுத்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த பெலாஜியுஸுக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டனிலிருந்து வந்த துறவி அவர். ரோமப் பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஆன்மிக வழிகாட்டி. அவர் வாதம் இது: கடவுள் ஒன்றைச் செய் என்று சொன்னால் அது நம்மால் முடிந்ததாகத்தான் இருக்க வேண்டும். முடியாததைச் செய்யச் சொல்லி, செய்யாததற்குத் தண்டிப்பது கொடுங்கோலன் வேலை. "நீரே செய்யவையும்" என்று வேண்டுவது சோம்பேறிகளுக்குச் சாக்கு. தன் கட்சிக்கு ஆதரவாக அவர் எடுத்துக்காட்டிய நூல்களில் ஒன்று எது தெரியுமா? அகுஸ்தினாரின் 'சுயவிருப்பம் பற்றி'.

பெலாஜியுஸை மனித சுதந்திரத்தின் தோழர் என்று கொண்டாடும் வழக்கம் இப்போது இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாம் உன் கையில்தான் என்று சொல்பவர் எல்லாக் குற்றமும் உன்னுடையதுதான் என்றும் சொல்கிறார். பழக்கம், வளர்ப்பு, பலவீனம் எதுவும் அவர் முன்னால் செல்லாது. நினைத்தால் குறையே இல்லாமல் வாழலாம், வாழவில்லை என்றால் நீ நினைக்கவில்லை. இது இரக்கமுள்ள போதனை இல்லை.

அகுஸ்தினாரின் மாற்றுப் பதிலும் கடுமையானதுதான், வேறு பக்கத்தில். முதல் மனிதன் ஆதாமுக்குப் பாவம் செய்யாமல் இருக்கும் ஆற்றல் இருந்தது. அவன் அதை இழந்தான். அந்த இழப்பு அவன் வழிவந்த எல்லோருக்கும் சேர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜென்மப் பாவம் என்று சொல்வது இதைத்தான். இப்போது நாம் இருக்கும் நிலையில் இறையருள் இல்லாமல் பாவத்தைத் தவிர்க்க முடியாது. ஆனாலும் பொறுப்பு நமக்கு உண்டு, ஏனென்றால் யாரும் நம் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. விரும்பித்தான் செய்கிறோம். விரும்பாமல் இருக்கத்தான் முடியவில்லை.

இங்கே எக்லானம் நகர ஆயர் யூலியான் கேட்டது கூர்மையான கேள்வி. பாவம் விருப்பத்தால் வருவது என்று நீங்களே சொன்னீர்கள். நேற்றுப் பிறந்த குழந்தை எதை விரும்பியது? அதன் குற்றம் என்ன? அகுஸ்தினார் பின்வாங்கவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக மிக லேசான தண்டனை என்றார். அவருடைய நூல்களில் என்னால் ஒட்ட முடியாத இடம் இது. குற்றத்தைக் கடவுள் கணக்கிலிருந்து இறக்கிவைக்கப் புறப்பட்டவர், அதை யோசிக்கவே தெரியாத ஓர் உயிர்மேல் ஏற்றிவிட்டார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் கருத்துகளைக் கண்டித்தது. 430இல் ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்கள் அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் அகுஸ்தினார் இறந்தார். யூலியானுக்கு எழுதிக்கொண்டிருந்த நீண்ட மறுப்பு அப்போதும் முடியவில்லை.

அருள் முந்தி வர வேண்டும் என்றால் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. அதை முடிவு செய்வது கடவுள். அப்படியானால் வராதவர்கள் நரகத்துக்கென்றே குறிக்கப்பட்டவர்களா? 529இல் பிரான்சின் ஆரஞ்ச் நகரில் கூடிய சங்கம் அருள்தான் முதல் என்று சொல்லிவிட்டு, தீமைக்கென்று கடவுள் யாரையும் முன்குறிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. நடுவில் இருந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் அந்த இடைவெளிக்குள் காலை வைத்தவர் காட்ஷால்க் என்ற சாக்சனியத் துறவி. சொர்க்கத்துக்குப் போகிறவர்கள்போலவே நரகத்துக்குப் போகிறவர்களும் முன்குறிக்கப்பட்டவர்களே என்றார். 848இல் மைன்ஸ் நகரச் சங்கம் அவரைக் கண்டித்தது. மறு ஆண்டு கியர்ஸி என்ற ஊரில் சாட்டையால் அடித்து, எழுதியதையெல்லாம் நெருப்பில் போடவைத்தார்கள். மீதி வாழ்நாள் மடத்துச் சிறையில் கழிந்தது. அவருடைய முன்கதை இன்னும் சுவாரசியம். சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் அவரை ஃபுல்டா மடத்துக்கு நேர்ந்து கொடுத்துவிட்டார்கள். வளர்ந்த பிறகு, என் சம்மதமில்லாமல் என்னைத் துறவியாக்கியது செல்லாது என்று வாதாடி 829இல் சாதகமான தீர்ப்பும் வாங்கினார். மடத்தலைவர் ராபானுஸ் மாவ்ருஸ் மேல்முறையீடு செய்து அதைத் தடுத்தார். 848இல் மைன்ஸில் தலைமை தாங்கித் தண்டித்தவரும் அதே ராபானுஸ்தான், அப்போது பேராயர். சொந்தச் சம்மதத்துக்காக வழக்காடியவர், சம்மதத்துக்கு மதிப்பில்லாத ஒரு முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால்?

விட்டுவைத்த முடிச்சுக்கு வருவோம். என் நினைவு தவறலாம். கடவுளின் அறிவு தவறாது. நாளை காலை நான் பொய் சொல்வேன் என்று அவருக்கு இன்றே தெரியும் என்றால், நான் சொல்லாமல் இருந்துவிட்டால் அவர் அறிந்தது பொய்யாகிவிடும். அது நடக்காது. ஆகவே நான் சொல்லித்தான் தீர வேண்டும். இப்படித் தீர்ந்தாக வேண்டியதற்கு என்னைக் குற்றம் சொல்வது எப்படி?

இதற்குப் பெயர்பெற்ற பதிலைச் சொன்னவர் போயத்தியுஸ். ரோமப் பிரபு, இத்தாலியை ஆண்ட தியோடோரிக்கிடம் உயர்ந்த பதவியில் இருந்தவர். ராஜதுரோகக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டு 524 வாக்கில் கொல்லப்பட்டார். மரண தண்டனைக்குக் காத்திருந்த நாள்களில் எழுதியதுதான் 'மெய்யியலின் ஆறுதல்'. செய்யாத குற்றத்துக்குச் சாகப்போகிற மனிதர், உலகில் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறார் என்பதை மறக்காமல் அதன் ஐந்தாம் பகுதியைப் படிக்க வேண்டும்.

அவர் வாதம் இப்படிப் போகிறது. "முன்பே தெரியும்" என்ற பேச்சே பிசகு. முன், பின் என்பது காலத்துக்குள் வாழும் நமக்கு. கடவுள் காலத்துக்குள் இல்லை; நம் நேற்று, இன்று, நாளை எல்லாம் அவருக்கு ஒரே நேரத்தில் கண்முன் இருக்கின்றன. ஆகவே அவர் முன்கூட்டி ஊகிப்பதில்லை, பார்க்கிறார். ஒருவர் நடந்துபோவதை நான் பார்க்கிறேன். பார்க்கும்போது அவர் நடந்துகொண்டிருப்பது உறுதி. ஆனால் என் பார்வை அவரை நடக்கவைக்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கலாம், அப்படியானால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பேன். சூரியன் உதிப்பதையும் அதே நேரத்தில் பார்க்கிறேன். அது உதித்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே கண்தான் பார்க்கிறது, ஆனால் ஒன்று கட்டாயத்தால் நடக்கிறது, மற்றது விருப்பத்தால். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதையே மலைமேல் நிற்கும் ஆளை வைத்துச் சொன்னார்: சாலையில் போகிறவருக்குப் பின்னால் வருபவர்கள் தெரியாது, உச்சியில் நிற்பவருக்கு மொத்த வரிசையும் தெரியும்.

அழகான பதில். ஆனால் பார்ப்பவர் வெறும் பார்வையாளராக இருந்தால்தான் இது முழுதாகச் செல்லும். நடப்பவரைப் படைத்து, நடக்கும் சக்தியும் கொடுத்து, அப்புறம் பார்க்கிறவரைப் பற்றி என்ன சொல்வது? போயத்தியுஸ் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

ஆன்செல்மைப் பற்றிச் சுருக்கமாக. 1033இல் ஆல்ப்ஸ் மலையடியில் ஆவோஸ்தாவில் பிறந்து, நார்மண்டியின் பெக் மடத்தில் துறவியாகி, 1093இல் கேன்டர்பரி பேராயரானவர். பாவம் செய்யவும் செய்யாமலிருக்கவும் முடிவதுதான் சுதந்திரம் என்ற வரையறையையே அவர் ஏற்கவில்லை. கடவுளால் பாவம் செய்ய முடியாது. அதனால் கடவுளுக்குச் சுதந்திரம் குறைவா? நேர்மையை அதன் பொருட்டே காத்துக்கொள்ளும் ஆற்றல்தான் சுதந்திரம் என்றார். பொய் சொல், இல்லாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். இவன் பொய் சொல்கிறான். விருப்பமில்லாமல் சொன்னானா? இல்லை, உயிரின் பொருட்டு விரும்பித்தான் சொன்னான் என்கிறார் ஆன்செல்ம். கொல்லலாம், கட்டலாம், வதைக்கலாம். ஒருவன் விரும்பாததை விரும்பவைக்க யாராலும் முடியாது. கேட்க நிமிர்வாக இருக்கிறது. கத்திமுனையில் நிற்பவருக்கு இது ஆறுதலா என்பது வேறு விஷயம்.

செயலா, சம்மதமா?

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பீட்டர் அபெலார்டு. 1079இல் பிறந்தவர், பாரிஸில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் தேடிவந்த ஆசிரியர், போகிற இடமெல்லாம் எதிரிகளைச் சம்பாதித்தவர். 1130களின் கடைசியில் 'உன்னையே அறி' என்ற தலைப்பில் அறவியல் நூல் ஒன்று எழுதினார். அதுவரை பாவக் கணக்கு பெரும்பாலும் செயலை வைத்துப் போடப்பட்டது. எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் நோன்பு, எத்தனை ஆண்டு ஒறுத்தல் (பாவப் பரிகாரம்) என்று பட்டியலிட்ட கையேடுகள் குருக்களிடம் பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தன. அபெலார்டு கேட்டது: பாவம் எந்த இடத்தில் நடக்கிறது?

கெட்ட குணத்தில் இல்லை. முன்கோபியாகப் பிறப்பது பாவமாகாது. ஆசையிலும் இல்லை, ஆசை தானாக எழும். செயலிலும் இல்லை. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது: இது கடவுளுக்கு ஆகாது என்று தெரிந்தும் மனம் "சரி" என்று சொல்லும் கணம். அந்தச் சம்மதம்தான் பாவம். அதன் பிறகு செயல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் குற்றம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இதை நிறுவ அவர் சொல்லும் கதைகள் எதையும் லேசில் மறக்க முடியாது. ஒரு கொடுமைக்கார எஜமானன் கத்தியை உருவிக்கொண்டு வேலைக்காரனைத் துரத்துகிறான். எவ்வளவோ தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வேலைக்காரன் அவனைக் கொன்றுவிடுகிறான். அவனுக்குக் கொல்லும் ஆசை இருந்ததா? இல்லை, பிழைக்கும் ஆசைதான் இருந்தது, அதில் தப்பில்லை. ஆனால் கொலைக்குச் சம்மதித்தான் என்பதால் குற்றம் உண்டு என்கிறார். இங்கே அவர் கறார்தான். இன்னொரு கதையில் இரண்டு பேர் ஏழைகளுக்கு வீடு கட்ட நினைக்கிறார்கள். ஒருவர் கட்டி முடிக்கிறார். மற்றவரின் பணத்தைக் கொள்ளையர்கள் பறித்துப்போகிறார்கள். கடவுள் முன்னால் இருவருக்கும் ஒரே புண்ணியம். இல்லையென்றால் பணம் உள்ளவர் பணத்தாலேயே அதிக நல்லவராகிவிடுவார் அல்லவா?

அடுத்த கதை இன்னும் வலிக்கும். ஓர் ஏழைத் தாய். போர்த்தப் போதிய துணி இல்லை. குளிரில் நடுங்கும் கைக்குழந்தையைத் தன் கந்தலுக்குள் அணைத்துக்கொண்டு படுக்கிறாள். அசந்து தூங்கிவிடுகிறாள். குழந்தை மூச்சு முட்டி இறந்துபோகிறது. ஆயர் முன்னால் வந்து நிற்கும் அவளுக்குக் கடுமையான ஒறுத்தல் விதிக்கப்படுகிறது. அவள் பாவம் செய்தாளா? அபெலார்டின் கணக்கில் இல்லவே இல்லை, அன்பினால்தான் அணைத்தாள். அப்படியானால் ஏன் தண்டனை? மற்ற தாய்மார்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக. மனித நீதிமன்றம் உள்ளத்தைப் பார்க்க முடியாது. நடந்ததையும் அதன் விளைவையும் வைத்து, பொதுநலன் கருதித் தண்டிக்கிறது. கடவுள் மட்டுமே உள்ளத்தைப் பார்க்கிறார். தண்டனை வேறு, குற்றம் வேறு என்று இவ்வளவு வெளிப்படையாக அந்தக் காலத்தில் பிரித்தவர் அரிது. நிரபராதி என்று தான் அறிந்த ஒருவனை, பொய்ச் சாட்சிகளைச் சட்டப்படி உடைக்க முடியாததால் தண்டிக்க நேரும் நீதிபதியும் அந்த நூலில் வருகிறார்.

இந்த வாதத்தை அபெலார்டு கடைசி வரை இழுத்துக்கொண்டு போனார். இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்கள் கடவுளுக்கு உகந்ததைச் செய்கிறோம் என்று மெய்யாகவே நம்பியிருந்தால்? மனசாட்சிக்கு எதிராக அவரை விட்டுவிட்டிருந்தால்தான் அவர்கள் குற்றம் பெரிதாகியிருக்கும் என்று எழுதினார். அபெலார்டின் எதிரியான கிளேர்வோ மடத்தலைவர் பெர்நார்து சும்மா இருப்பாரா? 1141 வாக்கில் சென்ஸ் நகரச் சங்கத்தில் கண்டிக்கப்பட்ட கருத்துகளில் இதுவும் ஒன்று. அபெலார்டு அங்கே வாதாட மறுத்து, போப்பிடம் முறையிடுகிறேன் என்று கிளம்பினார்; வழியில் குளூனி மடத்தில் அடைக்கலம் கிடைத்தது. 1142இல் இறந்தார்.

ஆள் தோற்றார். அவர் கிளப்பிய கேள்விகள் தோற்கவில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. கேட்கும் குரு, தேர்ந்த மருத்துவரைப்போல, பாவத்தின் சூழ்நிலையையும் பாவியின் சூழ்நிலையையும் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. என்ன செய்தாய் என்பதோடு, தெரிந்து செய்தாயா, எந்த நிலையில் செய்தாய் என்பதும் கணக்கில் வந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்றும் ஞானோபதேச வகுப்பில் சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று படிக்கிறார்கள் அல்லவா? அதற்குப் பின்னால் இந்த நூற்றாண்டுகளின் சண்டை இருக்கிறது.

சித்தம் பெரிதா, அறிவு பெரிதா?

தாமஸ் அக்குவினாஸ் காலத்தில் அரிஸ்டாட்டிலின் நூல்கள் லத்தீனில் கைக்கு வந்துவிட்டன. 1274இல் இறப்பதற்கு முன் அவர் எழுதிக் குவித்ததில் பொறுப்பைப் பற்றிய பகுதிகள் கிட்டத்தட்ட ஒரு வழக்கறிஞரின் குறிப்பேடு போல இருக்கும். சுயவிருப்பம் உண்டு என்பதற்கு அவர் காட்டும் முதல் காரணமே பொறுப்புத்தான்: அது இல்லாவிட்டால் அறிவுரை, கட்டளை, தடை, பரிசு, தண்டனை எல்லாம் வீண். ஓநாயைக் கண்ட ஆடு யோசிக்காமல் ஓடுகிறது. மனிதன் இதுவா அதுவா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறான்; அந்த ஒப்பிடலில்தான் சுதந்திரம் நுழைகிறது. மகிழ்ச்சியை விரும்பாமலிருக்க யாராலும் முடியாது. ஆனால் இந்த உலகில் எதிர்ப்படும் எந்த நன்மையும் முழு நன்மை அல்ல, எதிலும் ஒரு குறை காணலாம். அதனால் எதுவும் நம் சித்தத்தை, அதாவது விரும்பும் ஆற்றலை, கட்டி இழுக்க முடியாது.

அப்புறம் விதிவிலக்குகள். புயலில் கப்பல் மூழ்காமல் இருக்கச் சரக்கைக் கடலில் வீசும் வணிகர் விரும்பித்தான் வீசுகிறார், அந்த நேரத்து நிலைமையில். வேண்டிய எச்சரிக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒருவர் அம்பு விடுகிறார்; வழியில் யாரோ வருவது அவருக்குத் தெரியாமல், வந்தவர் அம்பு பட்டுச் செத்துப்போனால், அது விரும்பிச் செய்த கொலை ஆகாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டவருக்கு அறியாமை சாக்காகாது. மனசாட்சி தவறாக வழிகாட்டினாலும் அதை மீறுவது பாவம் என்கிறார். ஆனால் அதன்படி நடந்தது எப்போதும் மன்னிப்பைத் தந்துவிடாது, ஏன் அப்படித் தவறியது என்ற விசாரணை பாக்கி இருக்கிறது. அபெலார்டு திறந்த கதவை இவர் பாதி மூடுகிறார். வேறொருவர் மனைவியோடு சேரலாம் என்று ஒருவனுடைய அறிவு சொன்னால் அவன் குற்றவாளியே. இருட்டில் தன் மனைவி என்று நினைத்துத் தவறியவன் குற்றவாளி அல்ல.

கடவுள்தான் சித்தத்தையும் அசைக்கிறார், ஆனால் அது தன் இயல்புப்படி சுதந்திரமாக அசையும்படி அசைக்கிறார் என்றும் அக்குவினாஸ் சொல்கிறார். இந்த இடத்தில் அவர் விளக்குகிறாரா, பிரச்சினைக்குப் பெயர் வைக்கிறாரா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

இன்னொரு சந்தேகம் அந்தக் காலத்தவர்களுக்கே வந்தது. அறிவு எது நல்லது என்று காட்டுகிறது, சித்தம் அதன் பின்னால் போகிறது. அப்படியானால் தவறான தேர்வெல்லாம் அறிவின் பிழைதானா? கணக்கைத் தப்பாகப் போட்ட மாணவனை நரகத்துக்கு அனுப்ப முடியுமா? பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 1270இல் 13 கருத்துகளைக் கண்டித்தார். மனிதச் சித்தம் கட்டாயத்தால்தான் தேர்ந்தெடுக்கிறது என்பது அதில் ஒன்று. 1277 மார்ச் 7இல், அக்குவினாஸ் இறந்து சரியாக மூன்றாம் ஆண்டு நாளில், கண்டிக்கப்பட்ட 219 கருத்துகளின் நீண்ட பட்டியல் வந்தது. அதன் பிறகு காற்று சித்தத்தின் பக்கம் வீசியது.

பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் (1308இல் இறந்தார்) அறிவு எதைக் காட்டினாலும் சித்தம் மறுக்கலாம் என்றார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அதே கணத்தில் மற்றதைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலும் உயிரோடுதான் இருக்கிறது. தேர்ந்த பிறகு அல்ல, அதற்கு முன்னும் அல்ல, அப்போதே. எல்லாம் கட்டாயத்தால்தான் நடக்கிறது என்று அடம்பிடிப்பவர்களை என்ன செய்வது? வதைக்காமல் இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது என்று அவர்களே ஒத்துக்கொள்ளும் வரை வதைக்கலாம் என்று எழுதினார். கருத்தை, அரபு மொழியில் எழுதிய பாரசீக மெய்யியலாளர் இப்னு சீனாவிடமிருந்து எடுத்துக்கொண்டது. இந்த எழுத்துகளில் சிரிப்பு வரும் இடங்கள் குறைவு, அதனால் சொல்கிறேன்.

அதே சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் வில்லியம் ஆக்கம் இன்னும் ஒரு படி போனார். ஒருவன் தற்கொலை எண்ணத்தோடு பாறை உச்சியிலிருந்து குதிக்கிறான். பாதி வழியில் மனம் மாறி, கடவுளுக்காக வருந்தி, விழக்கூடாது என்று விரும்புகிறான். உடல் விழுந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தக் கணத்திலிருந்து விழுதல் அவன் கையில் இல்லை, ஆகவே அதில் பாவமும் இல்லை. மாறிய மனத்துக்குப் புண்ணியமே உண்டு. வெளிச்செயலுக்குத் தனியாக நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று காட்டத்தான் இந்த உதாரணம். அபெலார்டைப் படித்தவர்களுக்குக் கேட்ட குரலாக இருக்கும்.

1324இல் ஆக்கம் விசாரணைக்காக, போப் அப்போது இருந்த அவிஞ்ஞோனுக்கு அழைக்கப்பட்டார். அவர் எழுத்துகளிலிருந்து 51 வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்த குழு, அவற்றில் சிலவற்றைப் பெலாஜியுஸின் போதனை என்று குற்றம் சாட்டியது. அந்தப் பிரிட்டன் துறவி செத்து ஒன்பது நூற்றாண்டு ஆகியும் அவர் பெயர் வசையாகப் புழங்கியது. 1344இல் ஆக்ஸ்போர்டுக்காரரான தாமஸ் பிராட்வர்டைன், தன் காலத்துப் பெலாஜியர்களை எதிர்த்து ஒரு பெரிய நூலே எழுதி முடித்தார். மெய்யியல் மாணவனாக இருந்த நாள்களில் அருளைப் பற்றி வகுப்புகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை, நம் செயல்களுக்கு நாமே எஜமானர்கள் என்றுதான் நாளெல்லாம் கேட்டேன், அதனால் அப்போது பெலாஜியுஸ் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது என்று அதில் அவர் எழுதியிருக்கிறார்.